மாப்பிள்ளை செய்த வெயில் பெட்டி

என் நைனா வீட்டுச் சுவரில் உளி விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை. நான் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தேன். டங் என்று ஒன்று, அப்புறம் இன்னொன்று. குழந்தை இரண்டு கையையும் விரித்து உதறியது. எனக்கும் அதே கதிதான். பக்கத்து மனையில் எதையோ இடிக்கிறார்கள் என்று நினைத்து எழுந்துபோய்ப் பார்த்தால், வெளியே உளியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நைனா. சுத்தியல் என் புருஷன் கையில்.

நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் காலண்டர் மாட்ட ஒரே ஒரு ஆணி அடித்தேன் என்பதற்காக இந்த மனிதர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். அதே மனிதர். அதே சுவர். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னா நைனா இது?"

"ஒண்ணும் இல்லம்மா, நீ உள்ள போ. தூசி புள்ளைக்கு ஆவாது. மாப்ள ஒரு ஓட்ட போட்றாரு."

ஒன்று இல்லை, இரண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

இங்கே நைனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படியில் தொங்குகிறவனை எல்லாம் வாயாலேயே உள்ளே தள்ளுகிறவர் என்று பேர் வாங்கியவர். சில்லறை இல்லாமல் ஏறினால் போலீஸ்காரரையும் விடமாட்டார். ஆனால் என் புருஷன் வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், அந்த வாய் எங்கே போகும் என்றே தெரியாது. "வாங்க மாப்ள", "சாப்டுங்க மாப்ள", "சரி மாப்ள." இந்த மூன்றுதான் மிச்சம். எங்கள் பக்கம் பெண்ணைக் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை சொல்லுக்கு மறுசொல் கிடையாது. உப்பு அதிகமான குழம்பை மாப்பிள்ளை நல்லாயிருக்குது என்றால், அன்றைக்கு அது நல்ல குழம்பு. அம்மா இருந்தவரை அவள் ஏதாவது சிரித்துக்கொண்டே சொல்லிச் சமாளிப்பாள். அவள் போன பிறகு வீட்டில் அந்த வேலைக்கு ஆள் இல்லை.

அம்மா இல்லாத வீட்டுக்குத்தான் நான் பிரசவத்துக்கு வந்தேன். மகள் நாள் நிறையும் முன்பே பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு, மார்கழி பிறந்த சமயம் வீட்டுக்கு வந்தாள். நைனாவின் உள்ளங்கையில் தலையும் முழங்கையில் காலுமாக அடங்கிவிடுவாள். பத்தியக் குழம்பு வைப்பதிலிருந்து என் துணியைத் துவைத்துப் போடுவது வரை நைனாதான். எனக்குக் கூச்சம், அவருக்கும் கூச்சம். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டே எல்லாவற்றையும் செய்துகொண்டோம்.

வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இந்தாம்மா, எட ஏறுற வரைக்கும் உனக்கு ஒரே ஒரு வேலதான். வயித்த தொட்டுப் பாரு, பாதத்த தொட்டுப் பாரு. ரெண்டும் சூடா இருந்தா நிம்மதியா இரு. வயிறு சூடா இருந்து பாதம் மட்டும் சில்லுன்னு இருந்தா, புள்ள குளிர்ல கஷ்டப்படுதுன்னு அர்த்தம். உடனே நெஞ்சோட போட்டுக்க. ரெண்டுமே சில்லுன்னு இருந்தா யாரையும் கேக்காத, கெளம்பி ஆஸ்பத்திரிக்கு வந்துடு. குளிர்ல கெடக்கிற புள்ள குடிக்கிற பாலயெல்லாம் உடம்பு சூட்டுக்கே செலவு பண்ணிடும். அப்புறம் எங்க எட ஏறுறது?"

அன்றிலிருந்து என் கைக்கு வேறு வேலை இல்லை. வயிறு, பாதம். வயிறு, பாதம். தூக்கத்தில்கூட தொட்டுக்கொண்டிருந்தேன்.

செஞ்சியில் குளிரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சித்திரையில் கோட்டை ஏறி, பாறை சுட்டு, தண்ணீர் பாட்டிலைத் தலையில் ஊற்றிக்கொண்டு இறங்கியவர்கள். கார்த்திகை மழையைக் குடித்து ஊறிய சுவருக்குள் மார்கழியில் வந்து படுத்துப் பார்த்தால் தெரியும். எங்கள் வீடு மலைக்குக் கிழக்கே இருக்கிறது. ஊருக்கெல்லாம் ஆறு மணி வரை வெயில் இருந்தால், எங்களுக்கு நாலரைக்கே மலை நிழல் விழுந்துவிடும். பின்பக்க ரூமில் சுண்ணாம்பு பூத்து, தலையணை உறை எப்போதும் நமுத்த அப்பளம் போலவே இருக்கும்.

கரியடுப்பு வைக்கலாம் என்றால் புகை கூடாது என்றுவிட்டார் நர்ஸம்மா. சாம்பிராணிகூட வேண்டாம். கரண்டில் ஓடும் ஹீட்டர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டோம். அந்தப் பழைய வயரிங் அதைத் தாங்கவில்லை. போட்டவுடன் ஃப்யூஸ் போய், ஃபேன், லைட், மோட்டார் எல்லாம் சேர்ந்து நின்றது. இதையெல்லாம் நான் போனில் புலம்பினேன். புலம்பியது யாரிடம் என்று யோசித்திருக்க வேண்டும்.

என் புருஷன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நல்ல மனிதர், ஒரே ஒரு வியாதிதான். போனில் எதையாவது பார்த்தால் அதைச் செய்து பார்க்காமல் இருக்க முடியாது. பழைய வாஷிங் மெஷின் மோட்டாரை வைத்து மாவு சலிக்கும் மெஷின் ஒன்று செய்தார். எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில் ஒட்டடை முதல் கடிகாரம் வரை வெள்ளையாகிவிட்டது. இப்போது அவர் கண்ணில் பட்டது வெயில் ஹீட்டர்.

"வெயில் சும்மா தெற்குச் செவுத்து மேல அடிச்சி வீணா போவுதுடி," என்றார், அந்த ஞாயிறு சுத்தியலோடு உள்ளே வந்து நின்று. "மார்கழியில சூரியன் தெற்காலதான் சாஞ்சி போவுது. செவுத்துக்கு வெளிய ஒரு பெட்டி. உள்ள கறுப்புத் தகடு, மேல கண்ணாடி. தரையோரம் ஒரு ஓட்ட, மேல ஒரு ஓட்ட. ரூம்ல இருக்கிற குளுந்த காத்து கீழ ஓட்டையில போவும், தகட்டுல பட்டு சூடாவும், சூடானா தானா மேல ஏறும், மேல ஓட்ட வழியா திரும்ப உள்ள வரும். கரண்ட் வேணாம், ஃபேன் வேணாம். காத்து தானா சுத்தும்."

எனக்கு அது புரிந்தது. புரிந்ததால்தான் பயந்தேன். "நைனா கிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டேன். சரி மாப்ளன்னாரு."

பெட்டி இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. கண்ணாடி, மூடிப்போன ஒரு ஃபேன்சி ஸ்டோரின் ஷோகேஸில் இருந்தது. தகடு, கூரை போடுகிற தகடு. பளபளப்பு இருக்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கு அடிக்கிற பெயிண்டைத் தேடி வாங்கி அடித்தார். சூடு பின்பக்கம் ஓடிவிடாமல் இருக்க, தகட்டுக்குப் பின்னால் தெர்மாகோல் வைத்தார். அன்றைக்கு மத்தியான வெயிலில் அது சுருண்டு, ரூம் பூராவும் பிளாஸ்டிக் எரிந்த நாற்றம். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டேன். அங்கிருந்தபடியே கத்தினேன். என் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும் என்று நைனா சொன்னார். மொபெட்டை எடுத்துக்கொண்டு எண்ணெய் மில்லுக்குப் போய் ஒரு மூட்டை மல்லாட்டைத் தோலோடு வந்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். தோலை வெயிலில் காய வைத்து, சாக்கில் தைத்து, தெர்மாகோல் இருந்த இடத்தில் திணித்தார்கள். எலி வராமல் இருக்க இரண்டு ஓட்டைக்கும் கம்பி வலை. குரங்கு கண்ணாடியை உடைக்காமல் இருக்க அதற்கும் மேலே ஒரு வலை.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நானே நம்பவில்லை. இரண்டாவது ஞாயிறு பத்து மணி வாக்கில் மேல் ஓட்டைக்கு முன்னால் கையை நீட்டினேன். ஓடி வந்து நின்ற பஸ்ஸின் முன்பக்கம் நின்றால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி சூடு. சத்தம் இல்லை, வயர் இல்லை, புகை இல்லை. சுவர் மூச்சு விடுகிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நைனா கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் தலையணை உறை மொறுமொறுவென்று ஆகிவிட்டது. குழந்தையின் பாதத்தைத் தொட்டேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, உறை போடாமலேயே சூடாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கத்தின வாயாலேயே என் புருஷனைப் புகழவும் வேண்டியிருந்தது.

காற்று வருகிறதா என்று பார்க்க அவர் பால் கவர் ஒன்றிலிருந்து நீளமாக ஒரு துண்டு வெட்டி மேல் ஓட்டையின் வலையில் கட்டினார். வெயில் ஏறினால் அது ரூமுக்குள் படபடவென்று ஆடும். அதற்கு வால் என்று பேர். சூடு அந்தப் பக்கம்தான் இறங்குகிறது என்று, குழந்தையின் மெத்தையை அவரே சுவரோரமாகத் தரையில் போட்டார். கீழ் ஓட்டை குழந்தைக்குத் தலைமாட்டில். அதை மறைத்து ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் ஃப்ளாஸ்க். ஒரகடம் போன பிறகு, சாப்பாட்டு நேரத்தில் வீடியோ காலில் வருவார். என் முகம் வேண்டாம், குழந்தை முகம்கூட அப்புறம்தான்.

"மொத அந்த வால காட்டுடி."

வால் ஆடும். அவர் கம்பெனி கேன்டீனில் பக்கத்தில் இருப்பவனுக்கெல்லாம் காட்டுவார்.

நைனாவுக்கும் அந்தப் பெட்டி மேல் பெருமை என்றுதான் நினைத்தேன். காலையில் வெயில் ஏறினதும் வந்து ஃப்ளாஸ்க்கை எடுத்துப் போவார். சாயந்திரம் மலை நிழல் விழும் நேரத்துக்கு வெந்நீர் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார். வைத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து ஸ்டூலை அப்படி இப்படி நகர்த்துவார். நான் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். வயசானவர், இடுப்பு பிடித்துக்கொள்கிறது போல என்று விட்டுவிட்டேன். இன்னொன்றும் கவனித்தேன். எப்போதும் தோளில் துண்டு இல்லாமல் நைனாவைப் பார்க்க முடியாது. இப்போது சாயந்திரமானால் துண்டைக் காணோம்.

"இன்னா நைனா, துண்ட அடகு வெச்சிட்டியா?" என்று கிண்டல் செய்தேன்.

"எங்கியோ வெச்சிட்டம்மா," என்றார்.

நர்ஸம்மா வந்து எடை பார்த்தார். ஏறியிருந்தது. பெட்டியை வெளியே போய்ப் பார்த்துவிட்டு, "உங்க வூட்டுக்காரருக்கு மூள இருக்குது," என்றார். அன்று வால் கூடுதலாக ஆடிய மாதிரி இருந்தது எனக்கு.

ஒரு சனிக்கிழமை தளவானூரில் நைனாவுக்கு நெருங்கிய சொந்தத்தில் ஒரு சாவு. மத்தியானம் கிளம்பினார். மறுநாள் காலையில்தான் வருவேன் என்றார். போவதற்கு முன் வழக்கம்போல ஃப்ளாஸ்க் வைத்து, ஸ்டூலை நகர்த்தினார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "மாப்ள இன்னைக்கு வராரு இல்ல?" என்றார். "மூணு மணிக்கு வந்துடுவாரு," என்றேன். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "சரி, பாத்துக்கம்மா," என்று போய்விட்டார். வெறும் தோளோடு சாவு வீட்டுக்குப் போகிறாரே என்று நினைத்தேன்.

அன்றைக்கு நல்ல வெயில். ஆனால் நைனா போனதிலிருந்து வால் ஆடவில்லை, தொங்கிக்கொண்டே இருந்தது. புருஷன் வந்ததும் வராததுமாகச் சொன்னேன். அவர் பையைக்கூட வைக்காமல் மேல் ஓட்டையைப் பார்த்தார், ஸ்டூலை நகர்த்திக் கீழே பார்த்தார். வலையைக் கழற்றிக் கையை விட்டு இழுத்தார். பச்சைக் கரை போட்ட துண்டு ஒன்று வந்தது. நைனாவின் துண்டு.

"அதான! இத அடைச்சி வெச்சா காத்து எப்பிடி போவும்?"

"எலிக்குப் பயந்து நைனா வெச்சிருப்பாரு," என்றேன். அப்படித்தான் நினைத்தேன். வேறு என்ன நினைக்க முடியும்?

அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார். கொஞ்ச நேரத்தில் வால் மறுபடியும் ஆடியது. அவர் சாப்பிட்டார், மாமனார் வீட்டில் மாப்பிள்ளைகள் செய்வது போல ஹாலில் ஃபேனுக்குக் கீழே படுத்துக் குறட்டை விட்டார். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். அந்தப் பெட்டியை ஆணி ஆணியாகத் தெரிந்த மனிதர், எங்கள் வீட்டில் நாலரை மணி எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் கண்திறந்து பார்த்ததில்லை. நான் குழந்தைக்குப் பால் கொடுத்து மெத்தையில் கிடத்தினேன். வயிறு சூடு, பாதம் சூடு. அவர் இருக்கிறாரே என்ற தைரியத்தில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, இரண்டு துணியையும் அலசிப் போட்டுவிட்டு வந்தேன்.

ரூமுக்குள் வந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பாதத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

என் கைதான் ஈரம் என்று நினைத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குழாயில் வரும் தண்ணீர் மாதிரி இருந்தது அந்தப் பாதம். இன்னொரு பாதமும் அப்படியே. உதடு வெளுத்திருந்தது. கூப்பிட்டேன், காதைத் தொட்டேன், உள்ளங்காலைச் சுண்டினேன். அழவில்லை. லேசாக முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தூங்கினாள். அழுதிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். வயிற்றைத் தொட வேண்டும் என்று தெரியும், தொட எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வயிறும் சில்லென்று இருந்தால் என்ன செய்வது?

தொட்டேன். சூடு இருந்தது. குறைவுதான், ஆனால் இருந்தது.

ரவிக்கையைப் பிரித்து அவளை உடம்போடு ஒட்டிப் போட்டுக்கொண்டு கத்தினேன். என் புருஷன் தூக்கக் கலக்கத்தில் ஓடிவந்தார். அதற்குள்தான் என் காலில் அது பட்டது. குளித்துவிட்டு வந்த ஈரக் கால். கணுக்காலில் சன்னமாக, விடாமல், யாரோ ஊதுகிற மாதிரி குளிர்ந்த காற்று. ஸ்டூலுக்குப் பின்னாலிருந்து வந்தது. குழந்தையின் தலைமாட்டிலிருந்து.

ஸ்டூலைக் காலால் தள்ளினேன். ஃப்ளாஸ்க் விழுந்து உருண்டது. அண்ணாந்து பார்த்தேன். வால் ரூமுக்குள் ஆடவில்லை, தொங்கவும் இல்லை. வலையோடு ஒட்டிக்கொண்டு, ஓட்டைக்குள்ளே இழுபட்டுக்கொண்டிருந்தது.

அவரும் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மலை நிழல் பெட்டியை மூடி, தெருவையும் தாண்டிவிட்டிருந்தது. அவர் முகம் எப்படி ஆயிற்று என்று என்னால் சொல்ல முடியாது. நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவருக்கே புரிந்துவிட்டது. வெயில் இருக்கும்போது சூடாகி மேலே ஏறின காற்று, வெயில் போனதும் அதே தகட்டில் பட்டுக் குளிர்ந்து கீழே இறங்குகிறது. ரூமில் சேர்ந்த சூட்டையெல்லாம் மேல் ஓட்டை உறிஞ்சிக்கொண்டு போகிறது. கீழ் ஓட்டை அதைக் குளிராக்கி என் மகள் தலையில் ஊற்றுகிறது. கரண்ட் வேண்டாம், ஃபேன் வேண்டாம். தானாக.

"நீ செஞ்ச பெட்டிய பாரு," என்றேன். கல்யாணமானதிலிருந்து அவரை நான் நீ என்று சொன்னதில்லை. அவர் சட்டையைக் கழற்றிச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்தார். இரண்டு தடவை வெளியே விழுந்தது.

நர்ஸம்மாவுக்குப் போன் போட்டோம். "வயிறு?" என்றார் முதலில். சொன்னேன். "சரி, பயப்படாத. கீழ எறக்காத. உன் உடம்பவிட நல்ல ஹீட்டர் கெடையாது. குல்லா போடு, மேல போர்வ போடு. கொஞ்ச நேரத்துல பாலு இழுக்குதான்னு பாரு. இழுக்கலன்னா உடனே வந்துடுங்க, நான் ஆஸ்பத்திரியிலதான் இருக்கிறேன்." போனை வைக்கவிடாமல் பேசிக்கொண்டே இருந்தார். என் புருஷன் வாசலில் ஓர் ஆட்டோவை வரவழைத்து நிறுத்திவிட்டு வந்து, சட்டையில்லாமல் தரையில் உட்கார்ந்து, போர்வைக்குள் கையைவிட்டு அந்த இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் நெளிந்தாள். அப்புறம் வாயைத் தேடினாள். அப்புறம் இழுத்தாள், நன்றாக, வலிக்கும்படி. போனில் இருந்த நர்ஸம்மாவுக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, சப்புக் கொட்டும் சத்தம் அவருக்கே கேட்டது. என் புருஷன் முகத்தை மெத்தையில் கவிழ்த்துக்கொண்டு அழுதார்.

ஆட்டோக்காரரை அனுப்பிவிட்டு வரும்போது அவர் கொடிக்குக் கீழே நின்றார். அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து, "எலிக்கு இல்லடி," என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாயந்திரம் ஃப்ளாஸ்க். குனிந்த முதுகு. வெறும் தோள். பாதம் சில்லென்று இருந்ததைவிட எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. நைனாவுக்குத் தெரிந்திருக்கிறது.

காலையில் நைனா வந்ததும் வாசலிலேயே நிறுத்தினேன். சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது. வெளியில் நின்றபடியே நடந்ததைக் கேட்டார். கேட்கக் கேட்க அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"புள்ள?"

"நல்லாதான் இருக்குது. நர்ஸம்மா காலைல வந்து பாத்துட்டாங்க. உனக்கு எப்ப தெரியும் நைனா?"

"மொத நாளே தெரியும். ஃப்ளாஸ்க் வைக்க வந்தேன், கால்ல சில்லுன்னு பட்டுச்சி."

"ஏன் சொல்லல?"

"அவ்ளோ ஆசயா செஞ்சிட்டு போறாரு. மாமனார் எதுனா ஒண்ணு சொன்னாரு, இனிமே அந்த வூட்டுக்குப் போவலன்னு மாப்ள நாளைக்கு ஒரு பேச்சு பேசிட்டார்னா? உங்கம்மா இருந்தா பக்குவமா சொல்லியிருப்பா. எனக்கு வராதும்மா. பஸ்ல பேசற பேச்சுதான் எனக்குத் தெரியும்."

"எங்கிட்டயாவது சொல்லலாம் இல்ல?"

"உங்கிட்ட சொன்னா நீ கத்துவ. அது ஒரகடம் வரைக்கும் கேக்கும்."

சிரிப்பு வரவில்லை. அவர் மேல் கோபம்தான் வந்தது. பேத்தியின் உயிரை ஒரு துண்டால் அடைத்துக் காத்துக்கொண்டு, மாப்பிள்ளை மனசு நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்த மனிதர். என்னால் திட்டவும் முடியவில்லை. அந்தத் துண்டு இல்லாவிட்டால் முதல் நாளே என்ன ஆகியிருக்கும்?

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் புருஷன் வெளியே வந்தார். நைனா சட்டென்று எழுந்து நின்றார், மாப்பிள்ளை எதிரில் உட்காரக்கூடாது என்று.

"மாமா, ஒரு வார்த்த என்ன திட்டியிருக்கலாமே," என்றார் என் புருஷன்.

"அய்யோ மாப்ள, இன்னா பேச்சு இது," என்றார் நைனா. அவ்வளவுதான் வந்தது.

அன்று இரண்டு பேரும் சேர்ந்து பெட்டியைச் சரி செய்தார்கள். வழி என் புருஷனுக்கு அந்த வாலைப் பார்த்ததிலேயே தெரிந்திருந்தது. பால் கவர் ஒன்றை முழுசாக விரித்து, மேல் ஓட்டையின் வலைக்கு முன்னால் திரை மாதிரி தொங்கவிட்டார், மேல் ஓரம் மட்டும் ஒட்டி. சூடான காற்று வந்தால் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். காற்று திரும்பிப் போகப் பார்த்தால், கவர் வலையோடு ஒட்டி ஓட்டையை மூடிக்கொள்ளும். மேலே மூடினால் கீழேயும் வராது. சாயந்திரம் நான், அவர், நைனா மூன்று பேரும் ரூமில் நின்று பார்த்தோம். மலை நிழல் வந்தது. கவர் மெல்லப் பின்னால் போய் வலையில் ஒட்டிக்கொண்டது. ஈரக் காலை நீட்டிப் பார்த்தேன். காற்று இல்லை. குழந்தையின் மெத்தையை நான் சுவரோரம் போடவில்லை, எதிர்ப்பக்கம் போட்டேன்.

கவர் போட்டும் நைனா விடவில்லை. நாலரைக்கு ஃப்ளாஸ்க்கோடு வந்து, குனிந்து, துண்டையும் அடைத்துவிட்டுத்தான் போவார். இப்போது எனக்கு முதுகைக் காட்டாமல் செய்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த வாரம் என் புருஷன் வந்தார். சாப்பிட்டார். படுக்கவில்லை. ஹாலில் நின்று சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். உள்ளே போய் உளியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"மாமா, இந்தப் பக்கமும் ஒண்ணு போட்டுட்டா வூடே சூடாயிடும். இந்த வாட்டி மொதல்லயே கவர் வெச்சிட்லாம். இன்னா சொல்றீங்க?"

நான் வாயைத் திறக்கும் முன்பு சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"வேணாம்."

நைனா கரண்டியோடு வெளியே வந்தார். முகம் வியர்த்திருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதில் என்னைவிட அவர்தான் அதிகம் அதிர்ந்துபோயிருந்தார். ஆனால் நிறுத்தவில்லை, பஸ்ஸில் பேசுகிற அதே குரலில் பேசினார்.

"வேணாம் மாப்ள. ஓட்ட போட்டது போதும். இருக்கிறது ஒண்ணு ஒழுங்கா ஓடட்டும். அந்தக் கவரு மேல எனக்கு நம்பிக்க இல்ல. கிழிஞ்சா யாருக்குத் தெரியும்? நல்லா கெட்டியா ஒரு மூடி செஞ்சி குடுங்க, கையால மூடி தெறக்கற மாதிரி. புள்ள விஷயம். நாளைக்கு நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள அத செஞ்சி குடுத்துட்டுப் போங்க."

என் புருஷன் உளியையும் நைனாவையும் மாறி மாறிப் பார்த்தார். கோபித்துக்கொண்டு பையைத் தூக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் உளியைக் கீழே வைத்தார்.

"சரி மாமா," என்றார்.

நைனாவின் அந்தச் 'சரி'யை அவர் வாயில் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு சிரித்துவிட்டேன்.

மறுநாளே பலகையில் மூடி செய்தார், உள்பக்கம் ரப்பர் வைத்து, ஒரு தாழ்ப்பாளோடு. நாலரை மணிக்கு மலை நிழல் கண்ணாடி மேல் ஏறியது. நைனா ஃப்ளாஸ்க்கை வைத்துவிட்டுக் குனிந்து தாழ்ப்பாளைப் போட்டார். கையை ஓட்டைக்கு முன்னால் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கம் வந்து குழந்தையின் வயிற்றைத் தொட்டார், பாதத்தைத் தொட்டார். அவர் எழுந்து வெளியே போகும்போதுதான் கவனித்தேன். துண்டு தோளில் இருந்தது.